கொம்போடு தூக்கு

பகல் பதினொரு மணிக்குப் பச்சை மர மலைப்பாம்பைப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் அதைத் தப்பாகவே எடைபோடுகிறார்கள். கிடையாக வைத்த ஒரு கொம்பின் மேல் உடலை இரண்டு பக்கமும் மடித்து மடித்துத் தொங்கவிட்டு, நடுவில் தலையை வைத்துக்கொண்டு அது கிடக்கும். பாம்புக்கு இமை கிடையாது என்பதால் தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று வெளியாட்களுக்குத் தெரியாது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் விரலை ஆட்டினாலும் அது சட்டை செய்யாது. "எவ்வளவு சாது!" என்று சொல்லிவிட்டு விலை கேட்பார்கள். இரவு ஒன்பது மணிக்கு அதே ஆளைக் கூட்டி வந்து அதே கூண்டின் முன்னால் நிறுத்தினால் அந்தப் பேச்சு வராது. மடிப்புகள் தளர்ந்திருக்கும். வால் மட்டும் கொம்பை இறுக்கிப் பிடித்திருக்கும். முன்னுடல் கீழே தொங்கி, கழுத்து பின்னுக்கு வளைந்து, தலை தரையைப் பார்த்தபடி நிற்கும். அதுதான் அது வேட்டைக்கு உட்காரும் நிலை. அந்த நேரத்தில் கூண்டுக்குள் நுழைகிற கை அதன் கணக்கில் கை இல்லை, சூடான ஏதோ ஒன்று, அவ்வளவுதான்.

இந்தப் பாம்பைப் பற்றி வளர்ப்பவர்கள் மத்தியில் இரண்டு பேச்சு உண்டு. கையே வைக்க முடியாத கோபக்காரப் பாம்பு என்பது ஒன்று. கூண்டிலேயே பிறந்ததானால் கையில் வைத்துக் கொஞ்சலாம் என்பது இன்னொன்று. முதல் பேச்சைப் பழைய ஆட்கள் பேசுவார்கள், இரண்டாவதை விற்கிறவர்கள் பேசுவார்கள். நானும் விற்கிறவன்தான். ஆனாலும் இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. அதன் குணத்தில் பாதி மணியைப் பொறுத்தது; மீதியில் பெரும்பகுதி நாம் அதைத் தூக்கும் விதத்தைப் பொறுத்தது.

லண்டனின் கிழக்கு ஓரத்தில், ஊர்வன மட்டும் விற்கும் கடையொன்றில் வேலை செய்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது எனக்குப் பாம்பைப் பற்றித் தெரிந்ததெல்லாம் தடி எடுத்துக்கொண்டு ஓடுவது மட்டும். முதலில் கூண்டு கழுவத்தான் சேர்ந்தேன். அம்மா தொலைபேசியில் கேட்கிறவர்களிடம் "பிள்ளை அங்க வெங்கிணாந்தி மேய்க்குது" என்று இப்போதும் சொல்கிறார். எங்கள் ஊரில் மலைப்பாம்புக்கு அதுதான் பெயர். அவர் சொல்வதில் கொஞ்சம் பெருமையும் இருப்பதாக எனக்கு ஓர் எண்ணம்.

கடையில் இந்தப் பாம்பைக் 'கொண்ட்ரோ' என்போம். முன்பு இதன் பேரினப் பெயர் கொண்ட்ரோபைத்தான். 1990களில் அதை மொரேலியா என்ற பேரினத்தில் சேர்த்துவிட்டார்கள், ஆனால் வளர்ப்பவர்கள் வாயில் பழைய பெயர் தங்கிவிட்டது. ஊர் நியூகினியும் அதைச் சுற்றிய சின்னத் தீவுகளும். ஆஸ்திரேலியாவின் கேப் யார்க் முனையில், அயர்ன் ரேஞ்ச் மழைக்காட்டுப் பகுதியிலும் உண்டு. நன்கு வளர்ந்தது ஒன்றரை மீட்டர், சில சமயம் அதற்குச் சற்று மேல். மலைப்பாம்பு என்றதும் ஆளை நெரிக்கிற அளவை நினைத்து வருகிறவர்கள் இதைக் கண்டதும் கொஞ்சம் ஏமாந்துதான் போகிறார்கள். எடை ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ இருக்கும். நச்சில்லை. பிரிட்டனில் இதை வைத்திருப்பவர் உரிமம் எடுக்கவேண்டியதில்லை, விற்கிற கடைதான் எடுக்கவேண்டும். சட்டம் இவ்வளவு எளிதாக இருப்பதும் ஒரு தொல்லை. யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்றால் யார் வேண்டுமானாலும் வாங்குகிறார்கள்.

கோபக்காரப் பாம்பு என்ற கெட்ட பெயர் எங்கிருந்து வந்தது என்று தேடினால் அது காட்டிலிருந்து வரவில்லை, பெட்டியிலிருந்து வந்தது. பல ஆண்டுகளாக ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் வந்தவற்றில் பெரும்பாலானவை காட்டில் பிடித்தவை. பப்புவாவில் ஒருவர் மரத்திலிருந்து பறிக்கிறார், அவரிடமிருந்து ஒரு தரகர், அவரிடமிருந்து ஜகார்த்தாவில் ஒரு பண்ணை, அங்கிருந்து விமானம். துணிப்பைக்குள் சுருண்டு, தண்ணீர் இல்லாமல், வயிற்றில் புழுக்களோடு, கொம்பு என்ற ஒன்றையே வாரக்கணக்கில் காணாமல் அது வந்து சேரும். பையை அவிழ்த்தவரைக் கடிக்காமல் என்ன செய்யும்? அந்தக் கடியைத்தான் 'இனத்தின் குணம்' என்று அந்தக் கால வளர்ப்பாளர்கள் எழுதி வைத்தார்கள்.

இந்தோனேசியாவில் இந்தப் பாம்பைக் காட்டில் பிடிக்கச் சட்டம் இடம் தரவில்லை. பண்ணையில் பிறந்ததைத்தான் ஏற்றுமதி செய்யலாம். ஆகவே காகிதத்தில் எல்லாமே பண்ணையில் பிறந்தவை. ஜெசிகா லயன்ஸ், டேனியல் நாட்டுஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 2009 முதல் 2011 வரை மாலுக்கு, பப்புவா பகுதிகளில் வியாபாரிகளிடம் போய்ப் பார்த்தார்கள். சட்டத்துக்குப் புறம்பாகக் காட்டிலிருந்து பிடித்த 4,227 பச்சைப் பாம்புகளை அவர்கள் பதிவு செய்தார்கள். ஏற்றுமதியாகிறவற்றில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் பிடித்தவையே என்பது அவர்கள் முடிவு. எங்களைப் போன்ற கடைக்காரர்கள் அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பண்ணைச் சான்றிதழோடு வந்த எத்தனையோ பாம்பின் செதிலிடுக்கில் உண்ணி இருந்ததும், எத்தனையோ பாம்பின் மூக்கு நுனி பழைய காயத்தோடு இருந்ததும் அன்றைக்குப் புரிந்துபோயிற்று.

இப்போது எங்கள் கடை இறக்குமதிச் சரக்கைத் தொடுவதில்லை. இந்த நாட்டு வளர்ப்பாளர் சிலரிடமிருந்து, முட்டை எப்போது பொரிந்தது, முதல் இரை எப்போது எடுத்தது என்ற பதிவோடு வருகிறவற்றை மட்டும் வாங்குகிறோம். முன்பு ஜெர்மனியின் ஹாம் நகரில் நடக்கும் டெராரிஸ்டிகா சந்தைக்குப் போய் வாங்கி வருவதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிறகு, 2021 முதல், அங்கிருந்து ஒரு மலைப்பாம்பைக் கொண்டுவரவும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின்படி அனுமதி வேண்டும் என்றாகி அது நின்றுபோனது. எனக்கு அதில் பெரிய வருத்தம் இல்லை. ஆயிரக்கணக்கானோர் முட்டிமோதும் மண்டபத்தில், வெளிச்சத்தில், பிளாஸ்டிக் டப்பாவுக்குள் இருக்கும் பாம்பைப் பார்த்து அதன் குணத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறவர் எவரும் இந்தத் தொழிலுக்கு லாயக்கில்லை. ஆனால் எல்லோரும் சொல்கிறார்கள்.

குணத்தை ஊரை வைத்துச் சொல்வதும் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். ஆரு தீவுப் பாம்பு அமைதி, சோரோங் பாம்பு பரவாயில்லை, பியாக் தீவுப் பாம்பு என்றால் கையுறை எடு. இதில் கொஞ்சம் உண்மை உண்டு. பியாக் தீவுக்காரர் உருவத்தில் பெரியவர், மூக்கு நீண்டவர், வளர்ந்த பிறகும் உடலில் மஞ்சள் திட்டுகளை விடாதவர், கைக்கு முந்துகிறவர். மரபணுவிலும் ஒரு பிரிவு இருக்கிறது. நியூகினியின் நடுவே ஓடும் மலைத்தொடருக்கு வடக்கே இருப்பவையும் தெற்கே இருப்பவையும் வேறு வேறு இனங்கள் என்று 2020இல் பிரித்துவிட்டார்கள். தெற்கத்தியவை, ஆரு தீவும் ஆஸ்திரேலியாவும் சேர, மொரேலியா விரிடிஸ். வடக்கத்தியவை, பியாக் உட்பட, மொரேலியா அசூரியா. ஆனால் கூண்டுப் பாம்புகளில் ஏழெட்டுத் தலைமுறையாக எல்லா ஊரும் கலந்து கிடக்கின்றன. ஒரு வாடிக்கையாளர் 'சுத்தமான ஆரு' என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியதை எங்களிடம் கொண்டுவந்தார். என்னைக் கண்டதும் அது கூண்டின் முன்கண்ணாடியில் முட்டும் அளவுக்குப் பாய்ந்தது. கடையில் இருக்கும் பியாக் கிழவியோ, பகலில் கொம்போடு தூக்கி எடைபோட்டாலும் தலையை வெளியே எடுப்பதில்லை. ஊர்ப் பெயர் நிறத்தைச் சொல்லும். நடத்தையைச் சொல்லும் என்று பணம் கொடுக்காதீர்கள்.

குஞ்சுகளைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். முட்டையிலிருந்து வரும்போது பச்சை இருக்காது. பளீரென்ற மஞ்சள், அல்லது செங்கல் சிவப்பு. ஒரு முழங்கூட இல்லாத நீளம், பத்து கிராம் எடை, வாலின் நுனி மட்டும் கருப்பு. அந்த நுனியைப் புழு நெளிவதைப் போல ஆட்டிக் காட்டிப் பல்லியை வரவழைக்கும். அயர்ன் ரேஞ்ச் காட்டில் டேவிட் வில்சன் என்பவர் ஆண்டுக்கணக்கில் இவற்றின் பின்னால் நடந்து கண்டறிந்த விஷயம் ஒன்று உண்டு. மஞ்சள் குஞ்சுகள் பகலில், காட்டின் ஓரத்தில், வெளிச்சம் விழும் இடங்களில் சின்ன அரணைகளைப் பிடிக்கின்றன. உடல் 53 முதல் 60 செ.மீ. நீளம் எட்டும்போது பச்சையாகி, உள்காட்டுக்குப் போய், இரவில் எலி பிடிக்கின்றன. நிறம் மாறும்போது வேலை நேரமும் மாறுகிறது. கூண்டில் இருப்பதும் இப்படித்தான். பகலில் அதிகம் கடிப்பது குஞ்சுதான். அது வளர்ந்து பச்சையாகிப் பகலில் அமைதியானதும், தன் கைராசியால்தான் பழகிவிட்டது என்று வளர்ப்பவர் நம்பிக்கொள்கிறார். அந்த நம்பிக்கையை நான் கெடுப்பதில்லை. ஆனால் அதே துணிவோடு இரவில் கையை விடாதே என்று மட்டும் சொல்வேன்.

குஞ்சைக் கையில் எடுக்காதே என்று நாங்கள் கண்டிப்பாகச் சொல்வதற்குக் கடி காரணமே இல்லை. அந்தக் கடி எறும்பு கடித்த அளவுக்குத்தான் இருக்கும். காரணம் வால். கொண்ட்ரோவின் உயிர்ப்பிடி வாலில்தான். விழுந்துவிடுவோம் என்று தோன்றினால் வால் கொம்பை இறுக்கும்; நாம் இழுத்தால் இன்னும் இறுக்கும். குஞ்சின் வால் முள்ளெலும்பு ஈர்க்குச்சி அளவுகூடத் தடிமன் இருக்காது. ஓர் இழுப்பில் அது விலகிவிடும், அன்றைக்குத் தெரியாது. பிறகு வாலில் ஒரு முண்டு, ஒரு கோணல், அதற்குக் கீழே நிறம் மங்கல், சில சமயம் மலம் கழிப்பதில் வாழ்நாள் தொல்லை. ஆணா பெண்ணா என்று பார்க்க மற்ற பாம்புக் குஞ்சுகளின் வாலடியை அழுத்திப் பார்ப்பது வழக்கம். கொண்ட்ரோ குஞ்சில் அதைச் செய்யக்கூடாது. ஒன்றரை வயதாவது ஆகட்டும், கை தேர்ந்த ஒருவர் மெல்லிய கம்பி விட்டுப் பார்க்கட்டும். அதுவரை விற்கிறவருக்கே தெரியாது என்பதுதான் நேர்மையான பதில். ஆறு மாதக் குஞ்சை 'உறுதியாகப் பெண்' என்று விற்கிறவரிடம் நான் வேறு எதையும் வாங்கமாட்டேன்.

அந்த முதல் ஆண்டு முழுக்கத் தீனிப் போராட்டம்தான். காட்டில் அரணை தின்னவேண்டியதற்கு நாம் செத்த எலிக்குஞ்சை நீட்டுகிறோம். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பும். கோழிக்குஞ்சின் இறகை எலிக்குஞ்சில் தேய்த்துக் கொடுப்போம். அதுவும் ஆகாவிட்டால் அதன் வாலடியை இரையாலேயே மெல்லத் தொட்டுத் தொட்டு எரிச்சல்படுத்துவோம். கோபத்தில் கடிக்கும், கடித்த பிறகு வாயில் இருப்பது இரை என்று புரிந்து சுற்றிப் பிடிக்கும். கடிக்கிற குஞ்சுதான் சீக்கிரம் தின்னும் குஞ்சு. இடுக்கியைப் பார்த்ததும் பாய்கிற மஞ்சள் குஞ்சைக் கண்டால் எனக்கு நிம்மதி. ஒன்றும் செய்யாமல் கொம்பைப் பிடித்துக்கொண்டு மூலையைப் பார்த்திருக்கிற 'நல்ல பிள்ளை'யை நினைத்துத்தான் கவலைப்படுவேன்.

இனி வளர்ந்ததைத் தூக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இதில் முதல் விதி, தூக்காதே. தூக்கவேண்டிய தேவை எப்போது வருகிறது? கூண்டு கழுவ, எடைபோட, மருத்துவரிடம் கொண்டுபோக. இவை எதற்கும் பாம்பைக் கொம்பிலிருந்து பிரிக்கவேண்டியதில்லை. கூண்டின் இரண்டு பக்கச் சுவரிலும் மேலே திறந்த பிடி வைத்து, அதில் கொம்பை உட்கார்த்தினால் போதும். வேண்டும்போது கொம்பை இரண்டு முனையிலும் பிடித்துத் தூக்கினால் பாம்பும் கூடவே வரும். எழுந்துபார்த்துத் திரும்பச் சுருண்டுகொள்ளும். அதைக் கொம்போடு தராசில் வைத்து, கொம்பின் எடையைக் கழித்துக்கொள்வோம். எங்கள் கூண்டுகளில் தண்ணீர்க் குழாய்க்கான பிளாஸ்டிக் குழாயும் உண்டு, தோட்டத்து ஹேசல் மரக்கிளையும் உண்டு. பாம்புக்கு இரண்டும் ஒன்றுதான். பாம்பின் உடல் பருமனுக்கு ஏறக்குறையச் சமமாகக் கொம்பின் பருமன் இருக்கவேண்டும், கிடையாக இருக்கவேண்டும், ஆடக்கூடாது. படம் பிடிப்பதற்கென்று கொடியும் வளைந்த வேரும் வைத்து அழகாகக் கூண்டு கட்டுகிறவர்கள் அந்தக் கொம்பைப் பசையால் ஒட்டிவிடுகிறார்கள். பிறகு பாம்பை எடுக்கவேண்டி வரும்போது எங்களைக் கூப்பிடுகிறார்கள். திருகாணி கழற்றும் கருவிகளோடு போயிருக்கிறேன்.

கொம்பிலிருந்து பிரித்துத்தான் ஆகவேண்டும் என்றால் அதற்கு நேரம் காலை. விளக்கு எரிந்து ஓரிரு மணி கழிந்திருக்கவேண்டும். முதலில் கொக்கியின் வளைவால் உடலை மெல்லத் தடவிவிடுவேன். இரை இப்படித் தடவாது என்று அது கற்றுக்கொள்ளக் கொஞ்ச காலம் ஆகும், ஆனால் கற்றுக்கொள்கிறது. தலை எந்தப் பக்கம் என்று பார்த்து அதற்கு எதிர்ப்பக்கம், அதுவும் கீழிருந்து, கையைக் கொண்டுபோகவேண்டும். மேலிருந்து வரும் எதுவும் அதற்குப் பருந்து. வாலைத்தான் முதலில் அவிழ்க்கவேண்டும். இழுக்காமல், சுற்றியிருக்கும் திசைக்கு எதிராக விரலால் ஒவ்வொரு சுற்றாகத் தளர்த்தி, தளர்ந்த வாலை உடனே நம் விரலையோ இன்னொரு கொம்பையோ பிடித்துக்கொள்ளக் கொடுக்கவேண்டும். பிடி கிடைத்துவிட்டால் மீதி உடல் தானாக நகர்ந்து வரும். பிடி கிடைக்காத கொண்ட்ரோ கடிக்கும். அதைக் கோபம் என்று நான் சொல்லமாட்டேன். பிடிவாதமாகக் கிடந்தால் வெதுவெதுப்பான நீரைத் தெளித்தால் போதும். மழை என்று எண்ணித் தன் உடல் மடிப்பில் தேங்கும் துளிகளைக் குடிக்கத் தலையை வெளியே எடுக்கும், மெல்ல நகரத் தொடங்கும்.

எப்போது கிட்டப் போகக்கூடாது என்பதும் தெரிந்திருக்கவேண்டும். கண் நீலம் பாய்ந்து சட்டை உரிக்கப் போகும் நாட்களில் பார்வை மங்கியிருக்கும், தொட்டதற்கெல்லாம் சீறும். இரை தின்ற சில நாட்களுக்குத் தூக்கினால் கக்கிவிடும். குளிர்காலத்தில், இணைசேரும் பருவத்தில், ஆண் தீனியை மறந்துவிட்டு இரவெல்லாம் கூண்டைச் சுற்றும். அப்போது கதவைத் திறந்தால் வெளியே வரத்தான் பார்க்கும், கடிக்க நேரம் இருக்காது. முட்டைமேல் சுருண்டிருக்கும் தாயை யாரும் தொடமாட்டார்கள் என்று நினைக்கிறேன். ஏறக்குறைய ஐம்பது நாள் அது தசையைத் துடிக்கவைத்துச் சூட்டை உண்டாக்கி அடைகாக்கும், தீனி எடுக்காது. பல வளர்ப்பாளர்கள் முட்டையை எடுத்து இயந்திரத்தில் வைத்துவிடுகிறார்கள். எடுக்கும் வேளையில் எந்தச் சாதுத் தாயும் சாதுவாக இருக்காது, இருக்கவும் கூடாது.

கடியைப் பற்றிக் கேட்காமல் யாரும் போவதில்லை. வாயின் முன்பக்கத்தில் இதற்கு நீண்ட, பின்னோக்கி வளைந்த பற்கள் உண்டு. பறவையின் இறகைத் தாண்டிப் பிடிக்கத்தான் இவ்வளவு நீளம் என்று கடைக்காரர்கள் கதை சொல்வார்கள். காட்டில் வளர்ந்தவை பெரும்பாலும் எலிதான் தின்கின்றன. பற்கள் பின்னோக்கி வளைந்தவை என்பதால் கையை வெடுக்கென்று இழுத்தால் நம் தோல் கிழியும், அதன் பல் நம் கையிலேயே நிற்கும், அதன் வாய் புண்ணாகும். ஆகவே இழுக்கக்கூடாது. பயத்தில் கடித்தால் தானே விட்டுவிடும். இரை என்று நினைத்துக் கடித்ததுதான் சிக்கல், சுற்றிக்கொண்டு காத்திருக்கும். நாமும் காத்திருக்கவேண்டியதுதான். குழாயடிக்குப் போய்க் குளிர்ந்த நீரை அதன் முகத்தில் ஓடவிட்டால் பெரும்பாலும் விடும். ரத்தம் பார்ப்பதற்குப் பயமாக வழியும், சோப்புப் போட்டுக் கழுவினால் நிற்கும். முகத்தை மட்டும் கூண்டுக்கு அருகில் கொண்டுபோகாதே என்று புதிதாகச் சேரும் பையன்களிடம் சொல்வேன். கண்ணில் பட்டால் தண்ணீரும் சோப்பும் போதாது.

கை இரையாகத் தெரிவதற்கு நாமேதான் காரணம். அதன் உதட்டுச் செதில்களில் குழிகள் உண்டு, அவற்றால் வெப்பத்தை அது காண்கிறது. உறைந்த எலியை வெந்நீரில் சூடாக்கி அறைக்குள் கொண்டுவரும்போதே அந்த வரிசைக் கூண்டுகள் முழுக்க மோப்பம் பிடித்துத் தலைகளைத் தொங்கவிடும். அந்த நேரத்தில் பக்கத்துக் கூண்டின் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றலாம் என்று கை விடுகிறவர்கள் கடி வாங்குகிறார்கள். எங்கள் கடையில் தீனி போடும் இரவில் வேறு எந்த வேலைக்கும் கூண்டு திறப்பதில்லை. வளர்ந்ததற்குத் தீனி இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை, அதுவும் நடுத்தரமான ஓர் எலி. இது ஓடியாடும் பாம்பில்லை, எரிப்பதும் குறைவு. பாவம் பார்த்து அடிக்கடி போடுகிறவர்களின் பாம்புதான் கொழுத்து, மலம் தங்கி, குடல் வெளித்தள்ளி மருத்துவரிடம் போகிறது.

குணம் மாறினால் அதை முதலில் நோயாகப் பார்க்கவேண்டும் என்பது இந்த வேலை எனக்குப் பழக்கிய பார்வை. பகலில் ஊர்கிற கொண்ட்ரோ, தரையில் கிடக்கிற கொண்ட்ரோ, கொக்கி பட்டும் தலை தூக்காத கொண்ட்ரோ, இவற்றை 'பழகிவிட்டது' என்று சொல்லிச் சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வாயைத் திறந்து பார்த்தால் உள்ளே சளி. நைடோவைரஸ் என்ற ஒன்று மலைப்பாம்புகளின் நுரையீரலைத் தாக்குகிறது. 2014இல் பந்து மலைப்பாம்புகளில் அதைக் கண்டுபிடித்தார்கள். 2017இல் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பச்சை மர மலைப்பாம்புகளின் நுரையீரல் அழற்சிக்கும் அதற்கும் உள்ள தொடர்பை எழுதினார்கள். மருந்து இல்லை. வாயில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பி, முடிவு வரும்வரை தனியறையில், தனிக் கொக்கியோடு, தனி இடுக்கியோடு வைக்கிறோம். புதிதாக வருகிற ஒவ்வொன்றுக்கும் இதுதான் முறை. எல்லா நாளும் ஈரத்தில் ஊறவைத்தாலும் மூச்சுக் கோளாறு வரும். மழைக்காட்டுப் பாம்பு என்பதற்காகக் கூண்டை நீர்த்தொட்டியாக்கிவிடுகிறார்கள். தெளித்த நீர் அடுத்த வேளைக்குள் காயவேண்டும். சூடான முனை 30, 31 பாகை, மறுமுனை 25 பாகை போதும். குளிர் அதிகமானாலும் இது அமைதியாகும். அந்த அமைதியை நம்பி, மின்கட்டணம் ஏறிய 2022 குளிர்காலத்தில் சூட்டைக் குறைத்தவர்கள் சிலர், வசந்தத்தில் பாம்பை எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

சென்னையிலிருந்து படிக்க வந்த ஒரு பையன் அடிக்கடி கடைக்கு வருவான். ஒருநாள், "அண்ணா, லீவுக்குப் போகும்போது ஒரு குஞ்சு எடுத்துட்டுப் போகலாமா? சின்னதுதானே, பெட்டியில தெரியாது" என்றான்.

"தம்பி, மீனம்பாக்கத்துல பிடிக்கிறது எல்லாமே சின்னதுதான்" என்றேன்.

2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறையினர் பிடித்த செய்தி அவனுக்கும் தெரியும். சைட்டிஸ் அனுமதியும் இறக்குமதி உரிமமும் இல்லாமல் கொண்டுபோக முடியாது. 2022இல் திருத்திய வனவிலங்குச் சட்டம் வந்தபிறகு வைத்திருப்பதையும் பதிவு செய்யவேண்டும். இதையெல்லாம் சொன்னேன். சட்டத்தை விட, அந்தப் பெட்டிக்குள் பத்து கிராம் குஞ்சு ஒன்று கொம்பில்லாமல் பத்து மணி நேரம் என்ன செய்யும் என்று சொன்னதுதான் அவனைத் தொட்டது. கேட்டுவிட்டு, கூண்டுக்கு முன்னால் போய் நின்றுகொண்டான்.

குடும்பமாக வருகிறவர்களில் நம்முடைய ஆட்களும் உண்டு. ஈஸ்ட் ஹாமிலிருந்து ஓர் அம்மா, ஏழெட்டு வயது மகளோடு வந்தார். பிள்ளை படத்தில் பார்த்துப் பச்சைப் பாம்புதான் வேண்டும் என்று நிற்கிறது.

"தம்பி, இது கடிக்குமோ?"

"ஓம் அக்கா, கடிக்கும்."

"பிள்ளை கையில வச்சு விளையாட ஏலாதோ?"

"ஏலாது. பகலில தொட்டா அதுக்குக் கரைச்சல், இரவில தொட்டா பிள்ளைக்குக் கரைச்சல்."

சோளப்பாம்புக் கூண்டைத் திறந்து ஒன்றைப் பிள்ளையின் கையில் விட்டேன். அமெரிக்க இனம், தரையிலும் ஊரும் மரத்திலும் ஏறும், கைக்குக் கை வழுக்கிக்கொண்டு போவதில் அதற்கு ஒரு தொல்லையும் இல்லை. விலை கொண்ட்ரோவில் பத்தில் ஒரு பங்குகூட வராது. முதலாளி கல்லாவிலிருந்து என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதத் தேவையில்லை. கையில் வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு உலகத்தில் எத்தனையோ பாம்பு இருக்கிறது. கொண்ட்ரோவைப் போய்ப் பழக்குகிறேன் என்று தினமும் வெளியே எடுத்து, பத்து நிமிடம், இருபது நிமிடம் என்று நேரம் கூட்டி, கடைசியில் அது கடிக்காமல் இருப்பதை வெற்றி என்று சொல்கிற முறை ஒன்று உலவுகிறது. அது கடிப்பதை நிறுத்துகிறது என்பது உண்மை. பல சமயம் தின்பதையும் நிறுத்துகிறது.

போன ஆண்டு ஒருவர் வளர்ந்த ஆண் ஒன்றைக் கொண்டுவந்து விட்டுப்போனார். 'கொடூரக் குணம்' என்று காகிதத்தில் எழுதியிருந்தார். எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டேன். வேலை முடிந்து வந்து, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, என்றார். கூண்டில் இருந்தது சாய்வாக நின்ற ஒரே ஒரு மூங்கில், அதுவும் பாம்பின் உடலைவிட இரு மடங்கு தடிமன். பரிசோதனை முடித்து, கிடையாக மூன்று கொம்பு கொடுத்து, முன்கண்ணாடியில் பாதியைத் துணியால் மறைத்து, தீனி போடும் இரவு தவிரக் கதவைத் திறக்காமல் விட்டோம். பகலில் இப்போது கொம்போடு வருகிறது. இரவில் இடுக்கியை ஓர் அடி தூரத்திலிருந்தே பறிக்கிறது. அது கொடூரமும் இல்லை, பழகியதும் இல்லை. கூண்டுச் சீட்டில் 'குணம்' என்ற கட்டத்தில் பகலில் எப்படி, இரவில் எப்படி என்ற இரண்டையும் எழுதினேன், மணியோடு.

அதை வாங்க வந்தவர் இரவுப் பேருந்து ஓட்டுகிறவர். விடுமுறை நாளிலும் விடியும்வரை தூக்கம் வராது, வீட்டில் எல்லோரும் உறங்கியபிறகு பார்க்க ஏதாவது வேண்டும் என்றார். அவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை மணிக்குத் தலையைத் தொங்கவிடும் என்பது. குளிர்காலத்தில் விளக்கு எத்தனை மணிக்கு அணைப்பது, சிவப்பு விளக்கு வைத்தால் தொந்தரவா, உட்காரும் நாற்காலியை எவ்வளவு தூரத்தில் போடுவது என்று வரிசையாகக் கேட்டார். விலையைக் கடைசியில்தான் கேட்டார். மாற்றுக் கொம்பு இரண்டு சேர்த்துக் கட்டிக் கொடுத்தேன், அதற்குத் தனியாகப் பணம் வாங்கவில்லை.